மன்னரைப் புகழ்ந்தவர் மனதுக்குள் என்ன நினைத்தார்? அரசவை வரலாறுகளைப் பிரித்துப் படிக்கும் முறை

10ஆம் நூற்றாண்டு பக்தாதில் அரசுக் கடிதங்கள் எழுதுவதில் பெயர் பெற்றவர் இப்ராஹிம் அஸ்ஸாபி. புவைஹி மன்னர் அதுத் அத்தவ்லாவின் கோபத்துக்கு ஆளாகிச் சிறைக்குப் போனார். பிறகு அந்த மன்னர் குலத்தின் பெருமையை வரலாறாக எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. எழுதிக்கொண்டிருந்தபோது வந்த ஒருவர், ‘என்ன வேலை நடக்கிறது?’ என்று கேட்க, ‘பொய்களுக்கு அலங்காரம் செய்துகொண்டிருக்கிறேன்’ என்கிற பொருளில் பதில் சொன்னாராம். அந்தப் பேச்சு மன்னர் காதுவரை போய்விட்டது. அவர் தலை தப்பியது பெரும்பாடு.

இப்படி வாய்விட்டுச் சொல்லி, அதை யாரோ குறித்தும் வைப்பது அபூர்வம். பெரும்பாலான அரசவை நூல்களில் புகழுரை மட்டும்தான் கைக்குக் கிடைக்கும். எழுதியவரின் உண்மையான எண்ணத்தை நாம்தான் தேடி எடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு முறை உண்டு. ‘அரசன் காசு கொடுத்தான், அதனால் எல்லாம் பொய்’ என்று தள்ளுவதும், ‘ரகசியமாக எழுதினார், அதனால் எல்லாம் உண்மை’ என்று அள்ளிக்கொள்வதும் அந்த முறை ஆகாது. இந்த இரண்டாவது தவறைத்தான் நன்றாகப் படித்தவர்களும் செய்கிறார்கள்.

தொடங்கும் முன்

மேற்கோள் தொகுப்பை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. முழு நூல் வேண்டும். அதுவும் முழுமையான பதிப்புதானா என்று பாருங்கள். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்து புரோகோப்பியஸ் எழுதிய ‘ரகசிய வரலாறு’ 1623இல் முதன்முதலாக அச்சேறியபோது, அரசி தியோடோராவின் இளமைக்காலம் பற்றிய ஆபாசப் பகுதிகளைப் பதிப்பாசிரியர் நீக்கிவிட்டார். அதற்குப் பின் வந்த பதிப்புகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் கத்தரி போட்டவை உண்டு. முன்னுரையைப் படித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்து, ஒரு நோட்டில் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: செய்தி, அதற்கு ஆசிரியர் தரும் மதிப்பீடு, அதே செய்தி வேறெங்கே வருகிறது, எழுதிய நேரத்தில் யார் யார் உயிரோடிருந்தார்கள். செய்தியையும் மதிப்பீட்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுவதுதான் இந்த முறையின் உயிர். ‘மன்னர் கருணையோடு வரியைத் தள்ளுபடி செய்தார்’ என்ற வாக்கியத்தில் ‘வரி தள்ளுபடி’ செய்தி, ‘கருணையோடு’ மதிப்பீடு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

முதலில் தேதிகள்

ஒவ்வொரு நூலுக்கும் மூன்று தேதிகள் தேவை: நிகழ்ச்சி நடந்தது, எழுதப்பட்டது, பிறர் கண்ணில் பட்டது. இவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியே பாதி கதையைச் சொல்லிவிடும்.

சியாவுத்தீன் பரணி, முகமது பின் துக்ளக்கின் அவையில் 17 ஆண்டுகளுக்கு மேல் கூடவே இருந்தவர். சுல்தான் 1351இல் இறந்ததும் பரணி செல்வாக்கிழந்து, வறுமையில் விழுந்தார். 1357இல், தம் 74ஆம் வயதில், வரலாற்றை முடித்தார். தலைநகர் மாற்றம், வெள்ளிக்குப் பதிலாக மலிவான உலோகத்தில் அடித்த அடையாள நாணயம், கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட தோஆப் பகுதியின் வரி என்று துக்ளக்கின் தோல்விகளை வரிசையாக அடுக்குகிறார். சுல்தான் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல ஆசையும் பயமும் விடவில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார். சரி, நேர்மையான மனிதர் என்று முடிவு கட்டுமுன் நூலின் பெயரைப் பாருங்கள்: ‘தாரீக்-இ-ஃபிரூஸ் ஷாஹி’. அப்போது அரியணையில் இருந்தவர் ஃபிரூஸ் ஷா. இறந்தவரைப் பற்றிய மனந்திறப்பும், இருப்பவரின் தயவை நாடும் புகழ்ச்சியும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன.

பைசாந்தியத்தின் மைக்கேல் செல்லஸும் இப்படித்தான். பேரரசர் 9ஆம் கான்ஸ்டன்டைன் இருக்கும்வரை அவரைப் புகழ்ந்து மேடைப் பேச்சுகள் எழுதினார். அவர் இறந்தபின் எழுதிய வரலாற்றில் அவரது ஊதாரித்தனத்தையும் விளையாட்டுப் புத்தியையும் போட்டு உடைக்கிறார். புகழுரை நல்லதை மட்டும் பொறுக்கும், வரலாறு இரண்டையும் சொல்ல வேண்டும் என்று விளக்கமும் தருகிறார். அந்த விளக்கத்தில் மயங்கினால், அதே நூலின் கடைசிப் பகுதியில் அப்போது ஆண்ட 7ஆம் மைக்கேலை அவர் எப்படிக் கொண்டாடுகிறார் என்பது கண்ணில் படாமல் போகும்.

ஆகவே நான்காவது கட்டத்தில் ஆண்டு மட்டும் போதாது. ஆண்டவர், அவர் வாரிசு, ஆசிரியரின் புரவலர், அந்தப் புரவலரின் எதிரி ஆகியோரில் யார் அப்போது உயிரோடிருந்தார்கள் என்றும் எழுதுங்கள்.

வார்ப்பைக் கண்டுபிடித்துக் கழியுங்கள்

புகழுரைக்கு எல்லா மொழியிலும் அச்சு உண்டு. கிரேக்கத்தில் பேரரசரைப் புகழும் பேச்சுக்கு மெனாண்டர் என்ற பேச்சுக்கலை ஆசிரியரின் பெயரில் வழங்கும் கையேடு வரிசையே வகுத்துத் தருகிறது: ஊர், குலம், பிறப்பு, வளர்ப்பு, போரிலும் அமைதியிலும் செய்த செயல்கள். செயல்களை வீரம், நீதி, அடக்கம், அறிவு என்ற நான்கின் கீழ் பிரித்துச் சொல்ல வேண்டும். தமிழில் பாடாண் திணையும், சோழர் கல்வெட்டின் தலைப்பில் வரும் மெய்க்கீர்த்தியும் இதே வகை. திருமகளும் நிலமகளும் மன்னனை அடைந்தார்கள் என்று வாசித்தால், அந்த மன்னனைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்றுதான் கணக்கு. எல்லோரையும்தான் அவர்கள் அடைகிறார்கள்.

அதே அரசின், அதே நூற்றாண்டின் மூன்று நான்கு புகழுரைகளை அடுத்தடுத்துப் படித்து, பொதுவாக வருவதையெல்லாம் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் தகவல். மெய்க்கீர்த்தியில் மிஞ்சுவது வெற்றிப் பட்டியல். ஆட்சியாண்டு ஏற ஏற அது நீளும். இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பு 1025ஐ ஒட்டி நடந்தது என்று கணிக்க முடிவதற்கு, எந்த ஆட்சியாண்டுக் கல்வெட்டிலிருந்து அந்தச் செய்தி தலைகாட்டுகிறது என்பதும் ஒரு காரணம். புகழ்ச்சியே காலக்கணக்காக உதவும் இடம் இது.

அச்சை மீறி ஓரிடத்தில் மட்டும் குரல் உயர்ந்தால், அங்கே ஏதோ மறைக்கப்படுகிறது என்று சந்தேகப்படலாம். சாளுக்கிய 6ஆம் விக்கிரமாதித்தன் தன் அண்ணன் 2ஆம் சோமேசுவரனை அகற்றிவிட்டு 1076இல் அரியணை ஏறினான். அவன் அவைக்கவி பில்கணர், தம்பிக்கு அதில் துளியும் விருப்பமில்லை, சிவபெருமானே கட்டளையிட்டார் என்று பாடுகிறார். சாட்சிக்குக் கடவுளைக் கூப்பிட வேண்டிய அளவுக்கு அந்த விவகாரம் அவையில் கூச்சமாக இருந்திருக்கிறது. ஆனால் இதிலிருந்து தெரிவது அவையின் கூச்சம் மட்டுமே. பில்கணர் தனிப்பட்ட முறையில் என்ன நினைத்தார் என்பதற்கு இது சாட்சி ஆகாது.

ஒரே செய்தி, இரண்டு மதிப்பீடு

ஒரே ஆசிரியரின் வெளிப்படை நூலும் மறைவு நூலும் சேர்ந்து கிடைத்தால் அது புதையல். அந்த வகையில் புரோகோப்பியஸுக்கு நிகரில்லை. தளபதி பெலிசாரியஸின் உதவியாளராகப் போர்க்களங்களுக்குப் போனவர். ‘போர்கள்’ 8 பாகம், ஜஸ்டினியனின் கட்டடப் பணிகளைப் போற்றும் ‘கட்டடங்கள்’, உயிரோடிருக்கும்வரை வெளியிடாத ‘ரகசிய வரலாறு’ என மூன்றும் அவருடையவை. கடைசி நூலின் தொடக்கத்திலேயே, ஒற்றர்களுக்கும் கொடுஞ்சாவுக்கும் பயந்து முன்பு சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன் என்கிறார்.

நோட்டை எடுத்து, ஜஸ்டினியனின் உறக்கத்தை எழுதிப் பாருங்கள். ‘கட்டடங்கள்’ சொல்வது: தவக்காலத்தில் பேரரசர் கடும் நோன்பிருந்தார், காட்டுக் கீரையும் தண்ணீரும்தான் உணவு, இரவில் சிறிது நேரமே தூங்கினார், பக்தியின் உச்சம். ‘ரகசிய வரலாறு’ சொல்வது: அதே கீரை, அதே பட்டினி, அதே விழிப்பு. ஆனால் அந்த நேரமெல்லாம் மக்களைக் கெடுக்கவே செலவானது, இவன் மனிதனே இல்லை, மனித உருவில் வந்த பேய். அரண்மனையில் இரவில் நடக்கும்போது தலை மறைந்து உடல் மட்டும் உலாவியதைப் பார்த்தவர்கள் உண்டு என்றும் சேர்க்கிறார். முதல் கட்டத்தில் இரண்டு நூலுக்கும் ஒரே பதிவு: குறைந்த தூக்கம், குறைந்த உணவு. இரண்டாவது கட்டம் மட்டும் தலைகீழ்.

இன்னொன்று, சற்றுக் கடினமானது. தலைநகரில் ஓர் அரண்மனையை மடமாக மாற்றி, விலைமகளிரை அங்கே குடியேற்றினார்கள். ‘கட்டடங்கள்’ நூலில் இது விடுதலை: வறுமையால் கெட்ட பெண்களுக்கு மறுவாழ்வு. ‘ரகசிய வரலாறு’ நூலில் இது சிறை: தியோடோரா 500க்கும் மேற்பட்ட பெண்களைப் பிடித்து எதிர்க்கரைக்கு அனுப்பி அடைத்தார், சிலர் இரவில் மேலிருந்து குதித்தார்கள்.

இங்கே ‘இரண்டு நூலும் ஒப்புக்கொள்வதால் மடம் இருந்தது உறுதி’ என்று உடனே எழுதிவிடாதீர்கள். இரண்டும் ஒரே ஆள் எழுதியவை. ஒரே வாய் இரண்டு முறை சொன்னால் அது இரண்டு சாட்சி ஆகாது. மூன்றாவது கட்டத்தை நிரப்ப வெளியே போக வேண்டும். ஜஸ்டினியன் 535இல் பிறப்பித்த சட்டம் ஒன்று, விலைமகளிர் தொழிலுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் ஏழைச் சிறுமிகளை ஏமாற்றிக் கொண்டுவருவதை விரிவாகக் கண்டித்துத் தடை செய்கிறது. அதே காலத்து ஜான் மலாலஸ், தியோடோரா தரகர்களுக்கு ஒரு பெண்ணுக்கு 5 பொற்காசு கொடுத்து மீட்டதாக எழுதுகிறார். ஆக, அரண்மனை இந்த விஷயத்தில் இறங்கியது உறுதி. மடத்துக்குள் போன பெண்கள் விரும்பிப் போனார்களா என்பது திறந்த கேள்வியாகவே நிற்கும். சட்டம், நாணயம், கல்வெட்டு, கணக்கு ஏடு ஆகிய நான்கில் ஒன்றையாவது தேடாமல் இந்தக் கட்டத்தை மூடாதீர்கள்.

மன்னரை அடுத்தவர் அத்தியாயத்தில் தேடுங்கள்

மறைவு நூலே இல்லாதபோது மிகவும் பலன் தருவது இதுதான். சீனத்தின் சிமா சியேன், தோற்றுச் சரணடைந்த தளபதி லி லிங்குக்குப் பரிந்து பேசியதற்காகப் பேரரசர் வூவால் கி.மு. 98இல் விதையடித் தண்டனை பெற்றவர். அவமானத்தைத் தாங்கிக்கொண்டு 130 அத்தியாய வரலாற்றை ஏன் முடித்தார் என்பதை ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில் கொட்டியிருக்கிறார்.

அந்த வரலாற்றில் ஹான் அரசை நிறுவிய லியு பாங்குக்குத் தனி அத்தியாயம் உண்டு. அதில் அவர் பெருந்தன்மையானவர், பிறந்தபோதே தெய்வ அறிகுறி கண்டவர். ஆனால் பெங்செங் தோல்விக்குப் பின் தப்பி ஓடும்போது, தேர் வேகமாகப் போகட்டும் என்று தன் மகனையும் மகளையும் கீழே தள்ளிவிட்டதும், தேரோட்டி ஒவ்வொரு முறையும் இறங்கி அவர்களைத் தூக்கி ஏற்றியதும் எங்கே இருக்கின்றன? பகைவன் சியாங் யூவின் அத்தியாயத்தில். தேரோட்டி சியாஹோ யிங்கின் வரலாற்றிலும் வருகிறது. தந்தையைக் கொதிக்க வைப்பேன் என்று சியாங் யூ மிரட்டியபோது, ‘எனக்கும் ஒரு கிண்ணம் சூப் அனுப்பு’ என்று லியு பாங் சொன்ன பதிலும் பகைவன் அத்தியாயத்தில்தான்.

செய்ய வேண்டியது: நூலின் பெயரகராதியில் மன்னர் பெயருக்கு எதிரே உள்ள பக்க எண்கள் எல்லாவற்றையும் எழுதி, அவருடைய சொந்த அத்தியாயத்தின் பக்கங்களை நீக்கிவிட்டு மீதியை மட்டும் படியுங்கள். பகைவர், மனைவி, தம்பி, மருத்துவர், தேரோட்டி ஆகியோரின் பகுதிகளை விட்டுவிடாதீர்கள்.

இரட்டைப் பொருள், அளவோடு

புகழ்வதுபோல் குத்துவதற்குத் தமிழில் பழைய சான்று ஒளவையார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போனபோது, உன் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசி அழகாகக் காவலோடு இருக்கின்றன, அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினார் (புறநானூறு 95). தொண்டைமானுக்கு மாலை, அதியமானுக்கு வெற்றி.

இதைப் படித்த உற்சாகத்தில் எல்லாப் புகழ்ச்சியிலும் வஞ்சப்புகழ்ச்சியைத் தேடத் தொடங்கினால் வேலை கெடும். ‘கட்டடங்கள்’ நூல் முழுவதுமே கிண்டல்தான் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அதிகப்படியாகத் தோன்றுகிறது. கிண்டல் என்று குறிக்குமுன் இரண்டைச் சரிபாருங்கள்: அந்த இடம் அச்சிலிருந்து விலகுகிறதா? கேட்டுக்கொண்டிருந்த அவையினருக்கு உள்குத்து புரிய வழி இருந்ததா? ஒளவையின் பாட்டில் ஒப்பீடு வெளிப்படையாகவே நிற்கிறது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நோட்டில் கேள்விக்குறி மட்டும் போடுங்கள்.

மறைவு நூலையும் கூண்டில் ஏற்றுங்கள்

வசைக்கும் அச்சு உண்டு. பழைய கிரேக்கப் பள்ளிகளில் புகழுரை எழுதப் பழக்கியவர்களே வசையுரையும் பழக்கினார்கள். அதே வரிசை, திசை மட்டும் எதிர்: இழிந்த குலம், கெட்ட வளர்ப்பு, கோழைத்தனம், அநீதி. ‘ரகசிய வரலாறு’ ஜஸ்டினியனின் பிறப்புக்குப் பேயைக் காரணம் காட்டுவதை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், மனக்குமுறலோடு பாடப்பயிற்சியும் கலந்திருப்பது தெரியும். புகழுரையின் அச்சைக் கழித்ததுபோல வசையின் அச்சையும் கழியுங்கள்.

அடுத்த கேள்வி, ஆசிரியருக்கு என்ன மனத்தாங்கல்? அப்துல் காதர் பதாயூனி 1574இல் அக்பரின் அவைக்கு வந்தார். அபுல் ஃபசலும் அதே சமயத்தில் வந்தவர். ஒருவர் பேரரசரின் வலக்கையானார். மற்றவர் 1000 பீகா மானிய நிலத்தோடு நின்றுவிட்டு, ஆணைப்படி இராமாயணத்தையும் மகாபாரதத்தின் பகுதிகளையும் பாரசீகத்தில் பெயர்த்துக்கொண்டு, அந்த வேலையையே வெறுத்துத் தம் ரகசிய வரலாற்றில் எழுதினார். அந்த நூல் வெளியே தெரிந்தது ஜஹாங்கீர் காலத்தில். அக்பரின் மத நோக்கு பற்றி பதாயூனி சொல்வதில் பாதி கொள்கை, பாதி பொறாமை. இரண்டையும் பிரிக்க ஓர் எளிய வழி உண்டு: அவர் ஆவணத்தை அப்படியே எடுத்துத் தரும் இடங்களையும், கேள்விப்பட்டதைச் சொல்லும் இடங்களையும் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். மத விவகாரங்களில் இறுதி முடிவு அக்பருக்கே என்று உலமாக்கள் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள்) கையெழுத்திட்ட 1579ஆம் ஆண்டுப் பத்திரத்தின் வாசகத்தை பதாயூனி தருகிறார். தனக்குப் பிடிக்காத பத்திரத்தை ஒருவர் முழுதாகப் பெயர்த்து வைத்தால், அந்தப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை வரலாற்றாசிரியர் அல்ல, பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். ஆனாலும் 1736 முதல் 1761 வரையிலான அவர் நாட்குறிப்பு, பெரிய இடத்தில் வேலை பார்த்தவர் வெளியே என்ன பேசினார், வீட்டுக்கு வந்து என்ன எழுதினார் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறது. துரையிடம் தாம் சொன்ன முகமன் வார்த்தைகளையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஆளுநரின் மனைவி மேல் அவர் கொட்டும் ஆத்திரம் உண்மையானது. அதே அம்மையார் தமது பதவிக்கே இடைஞ்சலாக இருந்தார் என்பதையும் அருகில் எழுதிக்கொண்டால்தான் அந்தப் பக்கங்களைச் சரியாக எடைபோட முடியும். இன்னொரு வேடிக்கை: பிள்ளையே புரவலராகப் பாட்டுடைத் தலைவரும் ஆனார். ‘ஆனந்தரங்கன் கோவை’ அவரைப் புகழ்கிறது. அந்தப் புலவரின் நாட்குறிப்பு நம்மிடம் இல்லை.

தனிக்கருத்துக்குச் சட்டமே இடம் கொடுத்தால்

கொரியாவின் சோசன் அரசில் வரலாற்று அலுவலர்கள் தினக்குறிப்பைத் தவிர, மனிதர்களைப் பற்றிய தம் மதிப்பீட்டை வீட்டில் தனியாக எழுதி வைத்தார்கள். மன்னர் இறந்தபின்தான் அவற்றைத் திரட்டி ஆண்டேடு தொகுக்கப்படும். ஆளும் மன்னர் அந்தக் குறிப்புகளைப் பார்க்கக் கூடாது. 1404இல் மன்னர் தேஜோங் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து, ‘இது வரலாற்று அலுவலருக்குத் தெரிய வேண்டாம்’ என்றார். அந்த வாக்கியத்தோடு சேர்த்தே ஏட்டில் ஏறிவிட்டது. 1431இல் மன்னர் சேஜோங் தம் தந்தையின் ஏட்டைப் பார்க்க விரும்பியபோது அமைச்சர்கள் தடுத்தார்கள், அவரும் விட்டுவிட்டார். 1498இல் மன்னர் இயோன்சான்குன் விடவில்லை. வரலாற்று அலுவலர் கிம் இல்சோனின் குறிப்பு வெளியே வந்து, அவரும் வேறு சிலரும் உயிரிழந்தார்கள்.

இந்த ஏடுகளைப் படிக்கும்போது ‘வரலாற்று அலுவலர் கூறுவது’ என்று தொடங்கும் பத்திகளைத் தனியே பிரித்துவிடுங்கள். மற்றவை நடவடிக்கை, இவை கருத்து. அந்தக் கருத்திலும் கட்சி உண்டு. மன்னர் சோன்ஜோவின் ஏட்டை ஒரு கட்சியினர் தொகுக்க, எதிர்க்கட்சி அதிகாரத்துக்கு வந்தபின் 1657இல் திருத்திய ஏடு முடிந்தது. நல்ல வேளையாகப் பழையதை எரிக்கவில்லை. ஒரே ஆளைப் பற்றி இரண்டிலும் உள்ள கருத்துப் பத்திகளை எதிரெதிரே வைத்தால் கட்சிச் சாய்வு கண்ணுக்கு நேரே தெரியும்.

எழுதும்போது

நோட்டு நிரம்பியதும் முடிவை மூன்று வகை வாக்கியங்களில் ஒன்றாக எழுதுங்கள். ஆசிரியரின் சொந்த மறைவு நூலோ கடிதமோ இருந்தால், ‘இன்ன ஆண்டில் இன்னாரிடம் இப்படிச் சொன்னார்’. மறைமுகச் சான்று மட்டும் இருந்தால், ‘இந்தச் செய்தியை மன்னரின் அத்தியாயத்தில் தவிர்த்து இங்கே வைத்திருக்கிறார்’ என்று செயலைச் சொல்லி நிறுத்துங்கள், நோக்கத்தை நீங்கள் சேர்க்காதீர்கள். இரண்டும் இல்லையென்றால், ‘இவருடைய தனிக்கருத்தை அறிய வழியில்லை’.

மூன்றாவது வாக்கியத்தை எழுதக் கை வராது. ஆனால் மெய்க்கீர்த்தி எழுதியவர்களில் அநேகமாக எல்லோருக்கும் அதுதான் பொருந்தும். பெயர்கூட விட்டுச் செல்லாதவர்களின் வாயில், இன்றைய நமக்குப் பிடித்த எதிர்ப்புக் குரலைத் திணிப்பது, அவர்கள் மன்னருக்குச் செய்ததையே நாம் அவர்களுக்குச் செய்வதாகும். இன்னொரு பழக்கம், ஒருவர் இருபது ஆண்டு எழுதியதை ஒரே மனநிலையாகச் சுருக்குவது. புரோகோப்பியஸ் போர்க்களம் போன காலத்தில் பேரரசரை உண்மையிலேயே மதித்திருக்கலாம், பின்னால் கசந்திருக்கலாம். எனவே ‘அவர் ஜஸ்டினியனை வெறுத்தார்’ என்று எழுதுமிடத்தில் ‘550ஐ ஒட்டி’ என்று ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.